4கே மானிட்டர் மாட்டியதும் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அலுவலகத்தில் கணினி மக்கர் செய்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வழக்கம் வந்ததும் ஆளாளுக்கு ஒரு 4கே (3840×2160 புள்ளிகள்) மானிட்டர் வாங்கினார்கள். அன்றிலிருந்து எனக்கு வருவது ஒரே புகார்தான், வார்த்தைதான் மாறும்: "மானிட்டர் செத்துப்போச்சு", "மவுஸ் இழுக்குது", "எழுத்து மங்கலா இருக்கு", "ரெண்டாவது மானிட்டர் வரமாட்டேங்குது". இத்தனையிலும் மானிட்டரே பழுதாக இருந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்குப் படம் போகிற வழியில் ஐந்து வாசல்கள்: லேப்டாப்பின் போர்ட், நடுவில் இருக்கும் அடாப்டர் அல்லது ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி), கேபிள், மானிட்டரின் போர்ட், இரண்டு பக்கத்து செட்டிங்ஸ். எந்த வாசல் குறுகலோ அந்த அளவுக்குத்தான் படம் வரும். மற்ற நான்கும் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. எனவே குறுகலான வாசல் எது என்று தெரியும்வரை கடைக்குப் போகாதீர்கள்.

## முதலில் செய்ய வேண்டியது (எல்லா அறிகுறிக்கும்)

ஹப், ஸ்பிளிட்டர், நீட்டிப்பு கேபிள் என்று நடுவில் எது இருந்தாலும் கழற்றிவிட்டு, ஒரே கேபிளில் நேராக மாட்டிப் பாருங்கள். அப்புறம் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயரும் 'ஐ5' என்பதும் மட்டும் போதாது. ஒரே பெயரில் விற்கும் இரண்டு லேப்டாப்களின் போர்ட்கள் வேறு வேறாக இருக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் 'எச்டிஎம்ஐ 1.4', 'எச்டிஎம்ஐ 2.0' என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள்.

அந்த எண்களுக்கு நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால்:

- எச்டிஎம்ஐ 1.4: 4கே படம் நொடிக்கு 30 முறைதான். 2560×1440 என்றால் 60.
- எச்டிஎம்ஐ 2.0: 4கே படம் 60.
- எச்டிஎம்ஐ 2.1: 4கே படம் 120, ஆனால் இதில் ஒரு சூது இருக்கிறது, கீழே சொல்கிறேன்.
- டிஸ்ப்ளேபோர்ட் 1.2: 4கே படம் 60. டிஸ்ப்ளேபோர்ட் 1.4: 4கே படம் 120.
- யூஎஸ்பி-சி: இது துளையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். உள்ளே வீடியோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

2.1 விஷயம் இதுதான். எச்டிஎம்ஐ அமைப்பு, 2.0 என்ற தனிப் பெயரே இனி கிடையாது, எல்லாம் 2.1-க்குள் அடக்கம் என்று சொல்லிவிட்டது. அதனால் பழைய 2.0 போல நொடிக்கு 18 கிகாபிட் மட்டும் போகும் போர்ட்டிலும் '2.1' என்று ஒட்டலாம், அது விதிமீறல் இல்லை. மானிட்டர் வாங்கும்போது 2.1 என்ற எண்ணைப் பார்க்காமல் எத்தனை கிகாபிட் போகும், 4கே படம் எத்தனை ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை முறை) வரும் என்று கேளுங்கள்.

## அறிகுறி 1: திரை இருட்டு, 'நோ சிக்னல்'

### மானிட்டர் விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை

மானிட்டரின் பட்டனை அழுத்தி இன்புட் எதில் நிற்கிறது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐ 2-இல் இருக்கும், மானிட்டர் எச்டிஎம்ஐ 1-இல் காத்துக்கொண்டிருக்கும். 'ஆட்டோ' என்று வைத்திருந்தாலும் சில மானிட்டர்கள் தேடாது, நாமே மாற்ற வேண்டும்.

அடுத்து, விண்டோஸ் பட்டனும் பி-யும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள் (இந்த 'பி' ஆங்கில B, முதலில் சொன்னது ஆங்கில P). திரை ஒரு கணம் கண்ணடித்து 'பீப்' சத்தம் வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். தூக்கத்திலிருந்து எழுந்த லேப்டாப் மானிட்டரைக் கண்டுகொள்ளாமல் விடும்போது பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

### யூஎஸ்பி-சி கேபிளில் மாட்டியிருக்கிறீர்கள்

போன் சார்ஜரோடு வந்த கேபிள் என்றால் அதைக் கீழே வையுங்கள். இரண்டு முனையும் பொருந்தும், சார்ஜும் ஏறும், படம் மட்டும் வராது. அதற்குள் வீடியோவுக்கான ஒயர்களே கிடையாது. மேக்புக் பெட்டியில் வரும் சார்ஜ் கேபிளும் இதே கதைதான். மானிட்டர் பெட்டியில் ஒரு யூஎஸ்பி-சி கேபிள் வந்திருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதை ஒருவர் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, மூன்று நாள் மானிட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கேபிள் சரி என்றால் லேப்டாப் போர்ட்டின் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். மின்னல் குறி என்றால் தண்டர்போல்ட் (யூஎஸ்பி-சி துளையிலேயே வரும் வேகமான இணைப்பு), படம் நிச்சயம் வரும். 'டி'க்குள் 'பி' நுழைந்த மாதிரி சின்ன குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் உண்டு. வெறும் யூஎஸ்பி குறியோ பேட்டரி படமோ மட்டும் இருந்தால் சந்தேகம்தான், மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் அந்தத் துளை பென்டிரைவ் மாட்டவும் சார்ஜ் ஏற்றவும் மட்டும்தான். அதில் எவ்வளவு விலை உயர்ந்த ஹப்பை மாட்டினாலும் படம் வராது.

### ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட்

நான் அதிகம் பார்த்த தவறு இது. போன வருடம் பக்கத்து வீட்டுத் தம்பி கதவைத் தட்டி, "அண்ணா, மானிட்டர் டெட் ஆன் அரைவல், ரிட்டர்ன் போடலாமா?" என்று கேட்டான். போய்ப் பார்த்தால் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ முனை, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் முனை, நடுவில் பளபளப்பான புதுக் கேபிள். குப்பைக்கூடையிலிருந்து கேபிளின் அட்டையை எடுத்துக் காட்டினேன். மூலையில், கடுகளவு எழுத்தில், 'டிபி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு' என்று ஒரு அம்புக்குறி. அம்பு ஒரே பக்கம்தான்.

இந்த வகைக் கேபிள் ஒருவழிப் பாதை. லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்து மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தால் வேலை செய்யும். திருப்பி மாட்டினால் ஒன்றும் நடக்காது, எதுவும் கெட்டுப்போகவும் செய்யாது. எச்டிஎம்ஐ-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகத் தனி கன்வெர்ட்டர் உண்டு. மின்சாரத்துக்கென்று அதிலிருந்து ஒரு யூஎஸ்பி வால் தொங்கும், விலையும் கூடுதல். பெரும்பாலான மானிட்டரில் எச்டிஎம்ஐ துளையும் இருக்கும் என்பதால் அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை. தம்பிக்கும் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளிலேயே படம் வந்துவிட்டது.

### எதுவுமே பலிக்கவில்லை

மானிட்டரில் வேறொரு லேப்டாப்பை மாட்டுங்கள். அதே லேப்டாப்பை வீட்டு டிவியில் மாட்டுங்கள். டிவியில் வருகிறது, மானிட்டரில் எந்த லேப்டாப்பிலும் வரவில்லை என்றால் மானிட்டர்தான், வாரண்டியில் கொடுங்கள். டிவியிலும் வராமல், கேபிளைப் பிடித்து லேசாக அசைத்தால் வந்து வந்து போகிறது என்றால் லேப்டாப் போர்ட்டின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அட்டை மடித்து அண்டை கொடுப்பது, ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டுவது எல்லாம் பக்கத்துப் பின்களையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். போர்ட் மாற்றித் தரும் சிப் லெவல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். "மதர்போர்டே மாத்தணும்" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு விசித்திரம்: டெஸ்க்டாப்பிலோ டாக்கிலோ (மேஜையில் வைக்கும் பெரிய ஹப்) டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டிய பிறகு கணினியே 'ஆன்' ஆக மறுத்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மட்டமான கேபிள்களில் இணைக்கக் கூடாத 20-ஆம் பின்னை இணைத்திருப்பார்கள். மானிட்டரின் மின்சாரம் அது வழியாகக் கணினிக்குள் பின்னோக்கி வரும். அந்தக் கேபிளை வெட்டி எறியுங்கள், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

## அறிகுறி 2: படம் வருகிறது, 1920×1080-க்கு மேல் ஏறவில்லை

முதலில் 'டூப்ளிகேட்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டச் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான அளவில்தான் விண்டோஸ் காட்டும். லேப்டாப் திரை 1920×1080 என்றால் 4கே மானிட்டரும் அதே அளவுக்கு இறங்கிவிடும். 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றினால் முடிந்தது.

இல்லையென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். மேலே வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வரிகள் தெரியும்: ஒன்று டெஸ்க்டாப்பின் அளவு, மற்றது உண்மையில் மானிட்டருக்குப் போகும் 'ஆக்டிவ் சிக்னல்' அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்றால் லேப்டாப் படத்தை இழுத்தோ சுருக்கியோ அனுப்புகிறது. அதே பக்கத்தில் கிராஃபிக்ஸ் பெயராக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சரியான டிரைவரே ஏறவில்லை. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள், காசில்லாத வேலை.

அப்படியும் ஏறவில்லை என்றால் நடுவில் இருப்பவை மேல் சந்தேகம் வர வேண்டும். விஜிஏ (பழைய கால மானிட்டர் இணைப்பு) அடாப்டர் எங்காவது இருந்தால் 4கே பேச்சையே விட்டுவிடுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் மலிவு அடாப்டர்களில் பழைய வகை 1920×1200-க்கு மேல் போகாது, அடுத்த வகை 4கே 30-ஓடு நின்றுவிடும். 60 வேண்டும் என்றால் 'ஆக்டிவ்' என்று போட்ட அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே கீபோர்டை இரண்டு கணினிக்கு மாற்றித் தரும் கேவிஎம் பெட்டியும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரும் இதே ரகம். மானிட்டர் "நான் 4கே" என்று சொன்னாலும், நடுவில் இருக்கும் பெட்டி லேப்டாப்பிடம் "அவர் 1080-தான்" என்று சொல்லிவிடும்.

## அறிகுறி 3: 4கே வருகிறது, ஆனால் மவுஸ் 'இழுக்கிறது'

படம் அட்டகாசமாக இருக்கும். ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஜவ்வு மாதிரி பின்னால் வரும், மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று நினைத்து ரேம் வாங்கி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, படம் நொடிக்கு 30 முறைதான் மாறுகிறது. மேலே சொன்ன அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 'ரெஃப்ரெஷ் ரேட்' 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். மேக்கில் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பக்கத்திலேயே தெரியும்.

### பட்டியலில் 60 இருக்கிறது

தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது.

### பட்டியலில் 60 இல்லை, மானிட்டர் பக்கம் பார்ப்பது

மானிட்டரின் மெனுவுக்குள் போய், எச்டிஎம்ஐ 1.4 / 2.0 என்றோ டிஸ்ப்ளேபோர்ட் 1.1 / 1.2 என்றோ ஒரு தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய கணினிகளோடு ஒத்துப்போகட்டும் என்று தொழிற்சாலையிலேயே சிறிய எண்ணில் வைத்து அனுப்புவது உண்டு. டிவியை மானிட்டராகப் பயன்படுத்தினால் இதையே வேறு பெயரில் ஒளித்து வைத்திருப்பார்கள். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் ப்ளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. எந்தத் துளையில் மாட்டியிருக்கிறீர்களோ அந்தத் துளைக்கு இதை ஆன் செய்ய வேண்டும். டிவியின் எல்லாத் துளைகளும் 4கே 60 வாங்கும் என்றும் நம்பாதீர்கள், பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

### லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4-தான்

மாடல் எண்ணை வைத்துத் தேடியதில் 1.4 என்று வந்தால் அந்தத் துளையில் எந்தக் கேபிளை மாட்டினாலும் 30-தான். கடைக்காரர் தங்கமுலாம் பூசிய கேபிளைக் காட்டுவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்டெல் 7, 8-ஆம் தலைமுறை லேப்டாப்களில் இது சகஜம். அந்தச் சிப்புகளே நேரடியாக 1.4 வரைதான் தரும், 2.0 வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தனியாக ஒரு சிப் வைக்க வேண்டும், பலரும் வைக்கவில்லை. 11-ஆம் தலைமுறை வந்த பிறகும் 1.4-ஐயே தொடர்ந்த மலிவு மாடல்கள் இருக்கின்றன.

ஆனால் அதே லேப்டாப்பில் வீடியோ தரும் யூஎஸ்பி-சி துளை இருந்தால் தப்பித்தீர்கள். யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒரே கேபிள் வாங்குங்கள். ஹப் வேண்டாம், டாக் வேண்டாம். என் மேஜையில் பிரச்சினை தீர்க்க வைத்திருப்பது இந்த ஒரு கேபிள்தான். நான் பார்த்த 30 ஹெர்ட்ஸ் புகார்களில் பாதிக்கு மேல் இதிலேயே ஓடிப்போனது.

### நேராக மாட்டினால் 60, ஹப் வழியாக 30

இதுதான் பலரையும் குழப்புவது. ஹப்பின் பெட்டியில் '4கே' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், '@30' என்று ஓரத்தில் இருக்கும். அது முதல் காரணம். '@60' என்று போட்ட ஹப்பிலும் 30 வந்தால் காரணம் வேறு. யூஎஸ்பி-சி கேபிளுக்குள் வேகப் பாதைகள் நான்கு. ஹப்பில் யூஎஸ்பி 3 துளைகள் இருந்தால் இரண்டு பாதைகள் அவற்றுக்குப் போய்விடும், வீடியோவுக்கு மிஞ்சுவது இரண்டுதான். லேப்டாப்பின் வீடியோ டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரம் என்றால் இரண்டு பாதையில் 4கே 30-க்கு மேல் அடங்காது. 1.4 தரம் என்றால் இரண்டு பாதையிலும் 60 போகும், ஹப்பின் சிப்பும் 1.4 ஆக இருந்தால். ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்புக்கில் 60 கொடுக்கிற அதே ஹப், பழைய விண்டோஸ் லேப்டாப்பில் 30 கொடுப்பதன் ரகசியம் இதுதான். ஹப்மேல் தப்பில்லை.

யூஎஸ்பி-சி வாங்கும் மானிட்டர்கள் சிலவற்றின் மெனுவில் 'உயர் ரெசொல்யூஷன்' அல்லது 'உயர் டேட்டா வேகம்' என்று ஒரு தேர்வு இருக்கும். முன்னதைத் தேர்ந்தெடுத்தால் நான்கு பாதையும் படத்துக்கு வந்துவிடும். மானிட்டரின் யூஎஸ்பி துளைகள் மெதுவாகிவிடும், மவுஸ் கீபோர்டுக்கு அது தாராளம்.

### வேறு வழியே இல்லை

எச்டிஎம்ஐ 1.4 மட்டும்தான், யூஎஸ்பி-சியில் வீடியோ இல்லை. இப்போது இரண்டு வழி. 4கே மானிட்டரையே 2560×1440-க்கு இறக்கி 60 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். எழுத்துக் கூர்மை கொஞ்சம் குறையும், கை வலி குறையும். அல்லது எக்செல், பிடிஎஃப் மட்டும் பார்ப்பவர் என்றால் 30-லேயே இருக்கலாம், பழகிவிடும். இதற்காக லேப்டாப்பை மாற்றச் சொல்லமாட்டேன். இன்னும் மானிட்டர் வாங்கவில்லை என்றால் 1440 மானிட்டரே வாங்குங்கள், கடையில் அதை '2கே' என்பார்கள். அகலத் திரை 3440×1440 வாங்க நினைத்தால், எச்டிஎம்ஐ 1.4-இல் அது வழக்கமாக 50 ஹெர்ட்ஸோடு நிற்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

## அறிகுறி 4: நடுநடுவே இரண்டு நொடி இருண்டு திரும்ப வருகிறது

செலவில்லாத சோதனை: ரெஃப்ரெஷ் ரேட்டை 60-இலிருந்து 30-க்கு இறக்கி அரை மணி நேரம் ஓட்டுங்கள். இருட்டு நின்றுவிட்டால் கேபிள்தான் காரணம். முழு வேகத்தைத் தாங்கவில்லை, பாதி வேகத்தைத் தாங்குகிறது.

கேபிளுக்கு '2.0', '2.1' என்ற எண் அதிகாரபூர்வமாகக் கிடையாது. 4கே 60-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு', அதற்கு மேல் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்ற முத்திரையும் ஸ்கேன் செய்யும் கட்டமும் உள்ள ஒட்டுத்தாளைப் பாருங்கள். நீளம் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் ஐந்து மீட்டர் கேபிளும் இரண்டு மீட்டர் கேபிளும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கிறதே என்று நீளமானதை வாங்கிச் சுருட்டி வைப்பது நம் பழக்கம். 4கே-வுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. ஹால் தாண்டிப் போக வேண்டும் என்றால் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதிலும் அம்புக்குறி உண்டு, திருப்பி மாட்டினால் வராது.

### ஃபேன் போட்டால், நாற்காலியிலிருந்து எழுந்தால்

சிரிக்காதீர்கள். கணக்குப் பிரிவில் ஒரு மேஜையில் மட்டும் மானிட்டர் நாள் முழுவதும் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. கேபிளை மாற்றினோம், டாக்கை மாற்றினோம், நிற்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அம்மா டிஃபன் பாக்ஸ் கழுவ எழுந்தார், திரை இருண்டது. திரும்ப வந்து உட்கார்ந்தார், மறுபடி இருண்டது. நாற்காலியை மாற்றியதும் நின்றுவிட்டது. கேஸ் லிஃப்ட் வைத்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது ஸ்டாட்டிக் மின்சாரம் தெறிக்கும், கவசம் சரியில்லாத கேபிள் அதை வாங்கிக்கொள்ளும். வேறு இடத்திலும் இதைப் பார்த்தவர்கள் உண்டு, தெரிந்த விஷயம்தான். டியூப்லைட், ஃபேன், இன்வெர்ட்டர் மாறும் நேரம் இவற்றோடு இருட்டு ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஒத்துப்போனால் கவசம் நன்றாக உள்ள குட்டைக் கேபிள், வேறு பிளக் பாயிண்ட் என்று முயலுங்கள்.

### லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்கிறது

இரண்டு பின் சார்ஜரோடு உலோக உடல் லேப்டாப்பை வெறுங்காலில் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சார்ஜருக்குள்ளிருந்து கசியும் சிறு மின்சாரம் அது. மூன்று பின் சார்ஜரிலும் அப்படி இருந்தால் வீட்டு எர்த் சரியில்லை. இந்த நிலையில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐயைச் செருகாதீர்கள், போர்ட் போய்விடலாம். இரண்டையும் அணைத்து, கேபிளை மாட்டி, அப்புறம் ஆன் செய்யுங்கள். எர்த்தைப் பார்க்க லேப்டாப் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள், இது மானிட்டர் பிரச்சினை இல்லை.

## அறிகுறி 5: எழுத்து மங்கல், அல்லது எறும்பளவு

எறும்பளவு என்றால் கோளாறே இல்லை. 27 அங்குலத்தில் 4கே என்றால் விண்டோஸில் ஸ்கேல் 150 சதவீதம் வையுங்கள். அதன்பின் விண்டோஸிலிருந்து ஒருமுறை வெளியேறி (சைன் அவுட்) உள்ளே வந்தால் பழைய மென்பொருள்களும் நேராகிவிடும். ரெசொல்யூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்காதீர்கள், மங்கலுக்கு முதல் காரணமே அதுதான்.

அளவும் சரி, ஹெர்ட்ஸும் 60, ஆனாலும் எழுத்தைச் சுற்றி நிறம் கசிகிறது என்றால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தை அடித்துப் பாருங்கள். ஓரங்கள் கரைந்து தெரிந்தால், இடம் போதாமல் நிறத் தகவலைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்து அனுப்புகிறது லேப்டாப். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் நிற வடிவம் 'ஆர்ஜிபி' என்று இருக்க வேண்டும். '4:2:0', '4:2:2' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரின் செயலியில் மாற்றுங்கள். அங்கே ஆர்ஜிபி இல்லை என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள், நோய் அதுதான். டிவி என்றால் அந்த இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள். பெயர் மாற்றினால் படம் எப்படி மாறும் என்று கேட்பார்கள், மாறும். டிவி தன் பட அலங்காரங்களையெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறது.

## அறிகுறி 6: இரண்டு மானிட்டர் மாட்டினால் ஒன்றுதான் வருகிறது, அல்லது இரண்டிலும் ஒரே படம்

மேக்புக் ஏர் எம்1, எம்2 என்றால் தேடலை இங்கேயே நிறுத்துங்கள். வெளி மானிட்டர் ஒன்றுதான், அது அந்தச் சிப்பின் எல்லை. எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு வரும். எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு வரும். இரண்டு எச்டிஎம்ஐ துளை உள்ள சாதாரண ஹப்பை எந்த மேக்கில் மாட்டினாலும் இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும். விண்டோஸ் லேப்டாப்பில் அதே ஹப் தனித்தனிப் படம் காட்டும். ஒரே வாசல் வழியாக இரண்டு திரைக்குப் பிரித்து அனுப்பும் அந்த முறையை மேக் ஏற்பதில்லை.

எம்1, எம்2-இல் இரண்டு கட்டாயம் வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் என்ற வகை டாக் வாங்க வேண்டும். படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியாக அனுப்பும் வித்தை அது. மென்பொருள் போட வேண்டும், ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதியும் கொடுக்க வேண்டும். மேக்கில் அது ஓடும்போது ஓடிடி படங்கள் கறுப்பாகத் தெரியும். அலுவலக வேலைக்குப் போதும், சினிமா பார்க்க வேண்டாம்.

விண்டோஸில் டாக் வழியாக இரண்டு 4கே கேட்டு ஒன்றுதான் வந்தால் கணக்கு இடிக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இன் முழுப் பாதையிலும் 4கே 60 ஒன்றுதான் அடங்கும். 1440 என்றால் இரண்டு அடங்கும். ஒரு மானிட்டரை டாக்கிலும் மற்றதை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலும் மாட்டுங்கள். தண்டர்போல்ட் 4 என்று போட்டிருந்தால் இரண்டு 4கே 60 தந்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. தராவிட்டால் டாக்கையும் கேபிளையும் சோதியுங்கள், அதன்பின் வாரண்டியில் சண்டை போடலாம்.

## அறிகுறி 7: யூஎஸ்பி-சி மானிட்டரில் படம் வருகிறது, பேட்டரி இறங்குகிறது

மானிட்டரின் விவரத்தில் எத்தனை வாட் தருகிறது என்று பாருங்கள். 65 வாட் தரும் மானிட்டரில் 130 வாட் கேட்கும் லேப்டாப்பை மாட்டினால் வேலை செய்யச் செய்ய பேட்டரி கரையும். பழுது எதுவும் இல்லை, லேப்டாப்பின் சொந்தச் சார்ஜரையும் சேர்த்துச் செருகிவிடுங்கள். 15 வாட் என்று போட்டிருந்தால் அது போனுக்கானது.

இரண்டையும் செருகிய பிறகும் ஏறவில்லை, அந்த யூஎஸ்பி-சி துளையின் ஓரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால் கேபிளைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை அணையுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பஞ்சு அடைத்திருந்தால் மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி கூடாது. உள்ளே நாக்குப் போல் நீட்டியிருக்கும் பகுதி கருகியிருந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ மறுபடி எதையும் செருகாமல் அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.